ஏழு நிமிட ஊர்

பதினொரு வருசம் ஒட்டுசுட்டானில் ஓடிவிட்டு
இங்கே வந்த முதல் நாள்
கையுறைப் பெட்டி எந்தத் தட்டில் என்று
இருபத்திரண்டு வயசுப் பெடியன் காட்டித்தந்தான்.
"அக்கா புதுசோ?"
ஓம் என்றேன். பொய்யில்லை.

அங்கே ஓர் அழைப்பென்றால் ஐம்பது நிமிடம்.
கிரவல் றோட்டில் பள்ளத்துக்கும் பள்ளத்துக்கும் இடையில்
நரம்பு தேடி ஊசி ஏற்றுவேன்.
ஒக்சிசன் முள் இறங்க இறங்க
மனதுக்குள் கிலோமீற்றர் கழிப்பேன்.
யானை நின்றால் விளக்கணைத்துக் காத்திருப்போம்.
விரியன் கடித்தவனிடம்
மாடு எத்தனை, வயல் எந்தப் பக்கம்,
மூத்தவள் எத்தனையாம் வகுப்பு என்று
கேட்டுக்கொண்டே வருவேன்,
நாக்குத் தடிக்கிறதோ இமை விழுகிறதோ என்று பார்க்க.
அக்கறையில் விசாரிக்கிறேன் என்று நினைத்து
அவன் உழவு மெசின் கடன் வரைக்கும் சொல்லுவான்.
இரண்டும் உண்மைதான்.

இங்கே எல்லாம் ஏழு நிமிடம்.
சத்திரச்சந்தியில் மறித்தால் பத்து.
பெயரைக் கேட்டு முடிக்க முதல்
பின்கதவு திறந்து கட்டில் இறங்கிவிடும்.
படிவத்தில் கையெழுத்து ஈரம்,
அதற்குள் டப் அடுத்ததுக்கு அலறும்.

நேற்று ஒன்பது பேர்.
ஒரு முகமும் நினைவில்லை.
ஒரு செருப்பு நினைவிருக்கு:
குளப்பிட்டிச் சந்தியில், ஓட்டோவுக்கு அடியில்,
இடதுகால்.
விலைச்சீட்டு உரிக்காமல் கிடந்தது.

ஒழுங்கைகள் இன்னும் என்னை நம்பவில்லை.
மதிலுக்கும் எங்களுக்கும் இரண்டு விரல்.
றெஜினோல்ட் கண்ணாடியை மடக்கி
மூச்சையும் மடக்கி
பின்பக்கமாய் விடுவான்.
"பழைய தைலா ஸ்ரோர்ஸ் இருந்த முடக்கால திரும்புங்கோ"
என்பார்கள் போனில்.
இல்லாத கடைகளால் வரைந்த ஊர்.

ஆனைப்பந்தியில் ஒரு வீடு, எட்டு அறை, ஒரு கிழவர்.
பக்கத்து வீட்டுக்காரி உயர்த்திப் பிடித்த போனுக்குள்
பேர்னிலிருந்து மகன்:
"பிறசர் எவ்வளவு? பிறசர் எவ்வளவு?"
தகப்பனுக்குச் சொன்னதையே அவனுக்கும் சொன்னேன்.
மூச்சை ஆறுதலாய் இழுங்கோ.
இழுத்தான். திரையில் தெரிந்தது.

பிறகு அந்த வெள்ளிக்கிழமை.
கொக்குவில் கடவை எங்கள் மூக்குக்கு முன் விழுந்தது.
றெஜினோல்ட் ஸ்ரியறிங்கில் குத்தினான்.
பொறு என்றேன்.
அந்தச் சொல்லை இந்த ஊரில்
அன்றுதான் முதல்முதல் பாவித்தேன்.

கட்டிலில் திரவியராசா, வயசு அறுபத்தொன்று,
அதிட்டலாபச் சீட்டு வியாபாரம்.
இடது தோளுக்குள் ஆரோ கல் வைத்ததுபோல நோ.
சப்பச் சொன்ன அஸ்பிரினைச் சப்பி முடித்து
முகமூடியைக் கொஞ்சம் உயர்த்தி
"பிள்ளை எவடம்?" என்றார்.

இந்த ஊரில் அந்தக் கேள்விக்குள்
இன்னொரு கேள்வி இருக்கும்.
தெரிந்துதான் சொன்னேன்: ஒட்டுசுட்டான்.
கண்ணை மூடி யோசித்தார்.
"அங்கை சீட்டு ஆர் விக்கிறது?"
ஒருத்தரும் இல்லை என்றேன்.
தலையாட்டினார்,
சுகமானதும் ஒரு கிளை போடுகிறவரைப்போல.

ரயில் இன்னும் வரவில்லை.
சட்டைப்பையில் சீட்டுகள் நனைந்திருந்தன, வியர்வையில்.
எடுத்துத் துடைத்து, அவர் கேட்க எண்ணினேன்.
முப்பதில் ஒருமுறை அவர் திருத்தினார்.
அவருடைய நாடியில் என் இரண்டு விரல்,
பச்சைக் கோடு ஒருதரம் தடுக்கி
மறுபடி நடந்தது.
நாற்பத்தியிரண்டு.
ஜன்னல் ஜன்னலாய் வெளிச்சம் எங்கள் மேல் ஓடியது.

பதினொரு நிமிடம் என்று பதிவாகியிருக்கு.
ஏன் சுணக்கம் என்று கொழும்பில் கேட்டார்கள்.
கடவை என்றேன்.

தாதியிடம் ஒப்படைத்தேன்:
நோ தொடங்கிய நேரம், கொடுத்த மருந்து,
சீட்டு நாற்பத்தியிரண்டு.
"அதையும் எழுதவோ?" என்றாள்.
அதற்கென்று ஒரு கட்டமும் இல்லை படிவத்தில்.
ஓரத்தில் எழுதச் சொன்னேன்.

டப் அலறியது. நாவாந்துறை.
றெஜினோல்ட் கண்ணாடியை
இப்பவே மடக்கி வைத்திருந்தான்.